படமெடுக்கும் பாம்பும் பாம்பைப் படமெடுப்போரும்

தமிழில் 'படமெடுத்தல்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நல்ல பாம்பு கழுத்தை விரித்து நிமிர்வதும் படமெடுத்தலே; ஒளிப்படக் கருவியால் ஓர் உருவைப் பதிவு செய்வதும் படமெடுத்தலே. முன்னதைக் கண்ட மனிதன் பின்வாங்குகிறான். பின்னதன்பொருட்டு அவனே பாம்பின் முன் மண்டியிட்டு அமர்கிறான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பைச் செல்லப் பிராணியாக வளர்ப்போர் பலர் உளர். அவர்கள் தாம் வளர்க்கும் பாம்பின் கண், நா, செதில் முதலியவற்றை மிக அருகில் வைத்துப் பெரிதாகப் படமெடுக்கும் வழக்கம், இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்து நிற்கிறது.

இந்நாடுகளில் அக்கலைக்கு வீட்டில் எளிதில் இடமில்லை. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப் பிராணியாக வளர்க்கச் சட்டம் இசைவதில்லை. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காக்கப்பட்ட இனங்களை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமாகும். ஆயினும் அங்கு எடுக்கப்படும் படங்கள் இங்கும் வருகின்றன. மாணவர் அவற்றை நூல்களிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் காண்கின்றனர். அப்படங்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன, எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை ஆசிரியர் அறிந்திருப்பது நலம். பாம்பைப் பற்றிய பிழையான கருத்துகள் சிலவற்றை ஒரு நல்ல படம் ஒரு நொடியில் போக்கிவிடும். வேறு சிலவற்றைத் தவறான படம் புதிதாக விதைத்துவிடும்.

வளர்ப்போர் மிகுதியாக விரும்புபவை இரண்டு இனங்கள். ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சோளப்பாம்பு. இலின்னேயசு 1766-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்டார். செம்மஞ்சள் உடலில் கருவிளிம்பிட்ட செந்நிறத் திட்டுகளும், வயிற்றில் சோளக்கதிரை நினைவூட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் உடையது. மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. பிரிட்டானியர் இதனை அரச மலைப்பாம்பு என்பர். அச்சங்கொண்டால் தலையை உள்ளே புதைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். இரண்டும் நஞ்சற்றவை, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை வளர்வன. சோளப்பாம்பு இருபது ஆண்டு வாழக்கூடும். பந்து மலைப்பாம்பு முப்பது ஆண்டையும் கடந்து வாழ்ந்ததுண்டு. இத்துணை நெடுங்காலம் ஒரு வீட்டில் வாழும் உயிருக்கு ஆண்டுதோறும் படமெடுத்து வைப்போர் இருப்பதில் வியப்பில்லை.

இவ்வழக்கத்திற்குப் பழைய முன்னோடி ஒருவர் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ரேமண்டு டிட்மார்சு என்பவர் இளமையில் தம் வீட்டிலேயே பாம்புகளைத் திரட்டி வளர்த்தவர். 1899-இல் அந்நகரின் பிராங்சு விலங்குக் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, ஊர்வனப் பிரிவின் பொறுப்பில் சேர்ந்தார். தாம் வளர்த்தவற்றையும் அங்குக் கொண்டு சென்றார். 1907-இல் அவர் வெளியிட்ட ஊர்வன பற்றிய பெருநூல், உயிருள்ள விலங்குகளின் ஒளிப்படங்களால் புகழ் பெற்றது. அதற்கு முன்னைய நூல்களில் பாம்பென்றால் பெரும்பாலும் ஓவியன் வரைந்ததே. ஓவியன் செதிலை வேண்டுமளவு வரைவான். காமிரா இருப்பதைத்தான் பதியும்.

மயிரிழைத் தெளிவு

அண்மைப் படத்தின் முதல் இடர்ப்பாடு ஒளியியலைச் சார்ந்தது. ஒரு பொருள் இருக்கும் அளவிலேயே படத்தகட்டில் விழுவதை 'உயிரளவு' எனலாம். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள தகட்டில் உயிரளவாகப் பதிந்தால், சோளப்பாம்பின் தலை கட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும்; மிளகளவுள்ள கண் வெறும் கண்ணால் காணாத நுட்பங்களோடு புலப்படும். ஆனால் இவ்வளவு அருகிற் சென்றவுடன் தெளிவாக விழும் பரப்பின் ஆழம் வியப்புறும் வகையில் சுருங்கிவிடுகிறது.

ஒளி புகும் துளையை எஃப் 8 என்னும் அளவில் வைத்து உயிரளவுப் படம் எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. துளையை எஃப் 2.8 அளவிற்குத் திறந்தால் அது 1 மி.மீ.-இன் மூன்றில் ஒரு பங்காகிவிடும். எஃப் 16 அளவிற்குச் சுருக்கினாலும் 2 மி.மீ.-ஐத் தாண்டாது. பாம்பின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே 1 செ.மீ. உள்ளதெனக் கொண்டால், நேர்முன்னிருந்து எடுக்கும் படத்தில் இரண்டும் ஒருங்கே தெளிவாக அமைதல் இயலாது. கண் தெளிந்தால் மூக்கு மங்கும்; மூக்கு தெளிந்தால் கண் மங்கும்.

துளையை மேன்மேலும் சுருக்கினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் இயற்கை கையைப் பிடிக்கிறது. சிறு துளை வழியே செல்லும் ஒளி விளிம்பில் சிதறி விரியும். உயிரளவுப் படத்தில் எஃப் 16 என்று குறித்தது உண்மையில் எஃப் 32 போலவே இயங்கும். படத்தகட்டை அடையும் ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அந்நிலையில் ஆழம் கூடினாலும் படம் முழுவதுமே சற்றே மழுங்கிவிடுகிறது. எனவே எட்டு முதல் பதினாறு வரையிலான துளையளவோடு நின்றுவிடுவர் பழகியவர்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு மிக எளியது. பாம்பின் தலையைப் பக்கவாட்டில் நோக்கி, தலையின் பக்கமும் படத்தகடும் ஒன்றற்கொன்று இணையாக அமையும்படி காமிராவை வைப்பர். அப்போது மூக்கு, கண், வாய்க்கோடு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தளத்தில் விழும். உயிரளவில் பாதியோடு மனநிறைவு கொண்டால் எஃப் 11-இல் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ 4 மி.மீ. ஆகும். இது பெரிய ஊதியம். படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மங்கிப் பதிந்த கண்ணைப் பின்னர்த் தெளிவாக்க இயலாது. எந்நிலையிலும் கண் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பது இக்கலையில் மாறா விதி.

பல படங்களைச் சிறிது சிறிதாகக் குவியம் மாற்றி எடுத்து, கணிப்பொறியால் ஒன்றாக இணைக்கும் முறையும் இப்போது பரவியுள்ளது. பூச்சிகளின் பாடம் செய்த உடலுக்கு இது சிறந்தது. மூச்சுவிடும் பாம்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பந்து மலைப்பாம்பு கல்லென அசைவற்றுக் கிடந்தாலும் அதன் விலாப்புறம் மெல்ல ஏறி இறங்கும். தலையும் உடன் சிறிது நகரும். இணைத்த படத்தில் செதில்கள் இரட்டையாகத் தோன்றும்.

வில்லையின் நீளமும் ஈண்டுக் கருதத்தக்கது. 1955-இல் கில்பிட் என்னும் செருமானியரின் தொழிலகம் வெளியிட்ட 'மாக்ரோ கிலார்' என்ற 40 மி.மீ. வில்லை, 35 மி.மீ. சுருள் காமிராக்களுக்கான முதல் அண்மை வில்லையாகப் போற்றப்படுகிறது. அத்தகைய குறுகிய வில்லையால் உயிரளவுப் படம் பெறவேண்டுமாயின் பாம்பின் மூக்கையே முட்டுமளவு நெருங்க நேரும். 100 மி.மீ. வில்லையாயின் அரைச் சாணுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி கிடைக்கும். அவ்விடைவெளி பாம்புக்கு அமைதியைத் தருகிறது. விளக்கின் ஒளி உள்ளே நுழையவும் வழிவிடுகிறது. கைப்பேசியின் சிறு தகடு இயல்பாகவே ஆழமான தெளிவைத் தரும். ஆனால் அதனைப் பாம்பின் முகத்தருகே சில செ.மீ. வரை கொண்டு செல்லவேண்டியிருப்பதால், நிழலும் விழுகிறது, பாம்பும் வெருள்கிறது.

கண்ணும் சட்டையும்

பாம்புக்கு இமை இல்லை. அதன் கண்ணை மூடியிருப்பது கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு செதில். அண்மைப் படத்தில் இது தெற்றென விளங்கும். சுற்றியுள்ள செதில்களின் வரிசையிலேயே அதுவும் பொருந்தி, வட்டமாகப் புடைத்து நிற்கும். பாம்பு விழித்தபடியே உறங்குவதும் இதனாலேதான். இமையில்லாத உயிர் திடீர் ஒளியினின்று கண்ணை மூடிக்கொள்ள இயலாது என்பதைப் படமெடுப்போர் மறவாதிருத்தல் வேண்டும்.

சட்டை உரிக்கும்போது இக்கண்செதிலும் சேர்ந்தே உரிகிறது. உரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர்ப் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு நீர்மம் ஊறும். அப்போது உடல் நிறம் மங்கும்; கண் பாலாடை படர்ந்தாற்போல் நீலம் பாய்ந்து கிடக்கும். பின்னர்க் கண் மீண்டும் தெளியும். அதற்குச் சில நாள் கழித்தே சட்டை கழலும். கண் மங்கிய நாட்களில் பாம்பு சரிவரப் பார்க்க இயலாமல் எளிதில் சீற்றங்கொள்ளும். அவ்வேளையில் அதனைக் கூண்டிலிருந்து எடுப்பதே தவறு. படமெடுக்க முனைவது அதனினும் தவறு. சட்டை உரித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் பாம்பு தன் முழு அழகோடு விளங்கும். நிறம் செழித்து, செதில் பளபளத்து, கண் புதிய கண்ணாடி மாட்டியதுபோல் மின்னும். ஆகவே பாம்பைப் படமெடுக்கும் நாளைக் குறிப்பது படமெடுப்பவன் அல்லன், பாம்பின் தோலே.

கண்செதில் உயிரற்ற கண்ணாடி அன்று. அதற்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், அமெரிக்கச் சாட்டைப்பாம்பு இனமொன்றின் கண்ணை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பாம்பு அமைதியாக உள்ளபோது அக்குழாய்களில் குருதி விட்டுவிட்டுப் பாய்கிறது. அச்சுறுத்தல் நேர்ந்தால் குழாய்கள் சுருங்கிக் குருதி நெடுநேரம் நின்றுவிடுகிறது. பார்வைக்குத் தடையின்றி இருக்கவேண்டிய வேளையில் கண் தன் திரையைத் தானே தெளிவாக்கிக்கொள்கிறது எனலாம். மற்றொரு செய்தியும் சுவையானது. மனிதன் தன் கண்வில்லையின் வடிவை மாற்றி அண்மையையும் சேய்மையையும் பார்க்கிறான். பாம்புகளிற் பெரும்பாலானவை வில்லையையே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கின்றன. காமிராவும் அவ்வாறே செய்கிறது. படமெடுக்கும் அந்நேரத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டும் ஒரே முறையில் குவியம் தேடுகின்றன!

கண்மணியின் வடிவத்தையும் படம் காட்டும். பந்து மலைப்பாம்பின் கண்மணி பூனைக்கண்போல் நெடுங்கோடாக இருக்கும், சோளப்பாம்பினுடையது வட்டம். நெடுங்கோட்டுக் கண்மணி நஞ்சுக்கு அடையாளம் என்று பலர் நம்புகின்றனர். மலைப்பாம்புக்கு நெடுங்கோட்டுக் கண்மணி, நஞ்சில்லை. நல்ல பாம்புக்கு வட்டக் கண்மணி; அதன் நஞ்சை யாரும் அறிவர். இவ்விரு படங்களையும் வகுப்பில் அருகருகே காட்டினால், உயிரைப் பணயம் வைக்கும் அந்த நம்பிக்கை நிலைத்திராது.

பாம்புக்குக் 'கட்செவி' என்றொரு பெயர் தமிழில் வழங்குவதை ஆசிரியர் அறிவர். கண்ணையே செவியாகவும் உடையது என்பது அதன் பொருள். தலையின் பக்கத்தைப் பெரிதாக எடுத்த படத்தை உற்று நோக்கினால், அப்பெயரிட்டோர் எதைக் கண்டனர் என்பது புலனாகும்: பல்லிக்கு இருப்பதுபோன்ற செவித்துளை பாம்புக்கு இல்லவே இல்லை. துளை இல்லாவிடினும் உட்செவி உண்டு. தாடையெலும்பின் வழியே அதிர்வு அங்குச் சென்றடைகிறது. அரச மலைப்பாம்பைக் கொண்டு தென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் நிகழ்த்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது 80 முதல் 160 ஹெர்ட்சு வரையிலான தாழ்ந்த ஒலிகளையே நன்கு உணர்கிறது. அதுவும் காற்றின் அழுத்தமாக அன்று, தலையெலும்பின் அதிர்வாகவே உணர்கிறது. இதனால் படமெடுப்போர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. மெல்லப் பேசுவதைவிட மேசையைத் தட்டாதிருத்தல் முதன்மையானது. காமிராவின் முக்காலியையும் பாம்பையும் ஒரே பலகையின்மேல் வைத்தலாகாது.

நாவும் கால்களும்

பாம்பு நாவை நீட்டிய படமே யாவரும் விரும்புவது. நா வெளிவருவதற்கு அது வாயைத் திறப்பதில்லை. மேலுதட்டின் நடுவே உள்ள சிறு பள்ளம் வழியே நீட்டுகிறது. இதனையும் அண்மைப் படமே தெளிவாகக் காட்டும். நாவைச் சினத்தின் குறியாகக் கருதுவது வழக்கம். உண்மையில் அது மோப்பத்தின் கருவி. காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களைப் பற்றி வாயின் மேலண்ணத்திலுள்ள உறுப்பிற்குக் கொண்டு செல்கிறது. நா பிளவுபட்டிருப்பதால் வலப்புற மணமும் இடப்புற மணமும் வேறு வேறாக உணரப்பட்டு, இரை சென்ற தடத்தை அறிய உதவுகிறது என்று அமெரிக்க உயிரியலார் குர்ட்டு சுவெங்கு 1994-இல் விளக்கினார்.

நா ஒரு நொடிக்குள் பலமுறை மேலும் கீழும் துடிக்கும். இயல்பான ஒளியில் எடுத்தால் அது புகைக்கோடாகவே பதியும். அதனை நிறுத்திக் காட்டுவது மின்வெட்டு விளக்கு. 1930-களில் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஆரல்டு எட்சர்ட்டன் வளர்த்த முறையே இன்றைய விளக்குகளுக்கு அடிப்படை. முழு ஆற்றலோடு ஒளிரும்போது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்களவு நீடிக்கும் சிறு விளக்கு, ஆற்றலைக் குறைத்தால் பதினாயிரத்தில் ஒரு பங்களவிலேயே அணைந்துவிடும். எனவே விளக்கை அருகில் வைத்து ஆற்றலைக் குறைத்துக்கொள்வர். நா எப்போது வரும் என்பதில் புதிரில்லை. பாம்பு புதிய இடத்திற்கு வந்தவுடனும், தலையைத் திருப்பிய உடனும் மிகுதியாக மோப்பம் பிடிக்கும். காத்திருப்பவனுக்குக் கிடைக்கும். நாவை வரவழைக்கப் பாம்பைச் சீண்டுவோர் எடுக்கும் படத்தில் நாவோடு அச்சமும் சேர்ந்தே பதிகிறது. பாம்பை அறிந்தவர் அதனைக் கண்டுகொள்வர்.

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது பழமொழி. மலைப்பாம்பின் காலைக் காமிராவும் அறியும். பந்து மலைப்பாம்பின் உடல் முடிந்து வால் தொடங்குமிடத்தில், கழிவுத்துளையின் இருபுறமும் கொக்கிபோன்ற இரு சிறு நகங்கள் உண்டு. அவை முற்காலத்துப் பின்னங்கால்களின் எச்சம். சோளப்பாம்புக்கு அவை இல்லை.

ஒளியும் செதிலும்

பாம்பின் செதில் சிறு கண்ணாடிக்கு ஒப்பானது. நேர்முன்னிருந்து வெட்டொளி பாய்ச்சினால் ஒவ்வொரு செதிலும் ஒரு வெண்புள்ளியாகி, நிறமும் கோலமும் மறைந்துவிடும். கண்செதில் குவிந்த ஆடியாகலின் விளக்கை மட்டுமன்றிப் படமெடுப்பவனின் உருவத்தையும் காட்டிக்கொடுக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. விளக்கின்முன் மெல்லிய வெண்துணியோ எண்ணெய்த்தாளோ விரித்து, ஒளியை மேலிருந்து சற்றுப் பக்கமாக விழச் செய்தால் போதும். மறுபுறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். பந்து மலைப்பாம்பின் செதில் வழவழப்பானது. சோளப்பாம்பின் முதுகுச் செதில்களில் மெல்லிய வரம்பு ஓடும். அவ்வரம்பு தெரியவேண்டுமாயின் ஒளி சாய்ந்தே விழவேண்டும். காலை வெயிலில் உழவுச்சால் தெரிவதுபோல.

வானவில் ஒளிரும் பாம்புகளுக்கு முறை வேறு. மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் மண்ணுக்குள் வாழும் கதிரொளிப் பாம்பு பார்வைக்குக் கருமை. வெயில் பட்டால் நீலமும் பச்சையும் சிவப்பும் அதன்மேல் ஓடும். அது சாயம் அன்று. செதிலின் மேற்பரப்பிலுள்ள நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் எழும் நிறம். பளபளப்பை அகற்றும் வடிகண்ணாடியை வில்லையில் மாட்டினால் அவ்வழகும் உடன் மறையும்.

பழைய வெப்ப விளக்குகளை ஏற்றி வைத்துப் பாம்பைப் படமெடுப்பது இரட்டைத் தீங்கு. பாம்பின் உடல் சூழ்நிலையின் வெப்பத்தையே ஏற்பது. சோளப்பாம்புக்கு ஏற்ற வெப்பம் கூண்டின் குளிர்ந்த புறத்தில் 22 அல்லது 24 பாகை, வெம்மையான புறத்தில் 30 பாகைக்குள். பந்து மலைப்பாம்புக்கோ மேலுதட்டுச் செதில்களில் வெப்பம் உணரும் குழிகள் வரிசையாக உள்ளன. இருளில் எலியின் உடற்சூட்டை உணரும் அக்குழிகளின்முன் நூற்றுக்கணக்கான வாட்டு விளக்கை நிறுத்துவது எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பாம்பின் பொறுமை

இரை விழுங்கிய பாம்பை இரண்டு நாட்களாவது தொடாதிருத்தல் வேண்டும். தொந்தரவு செய்தால் இரையைக் கக்கிவிடும். இரண்டு பேர் இருந்தால் வேலை எளிது. ஒருவர் காமிராவோடு இருக்க, மற்றவர் பாம்பின்மேல் கண்ணாயிருப்பார். மரப்பட்டையோ சருகோ பரப்பிய சிறு பரப்பில் பாம்பை விட்டு, அதன்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துச் சில நிமிடம் விட்டுவைப்பது பலர் கையாளும் முறை. இருளில் அமைதியுற்றுச் சுருண்டிருக்கும் பாம்பு, சட்டியை மெல்லத் தூக்கியவுடன் சிறிது நேரம் அப்படியே இருக்கும். அதற்குள் துளை, ஒளி, குவியம் யாவும் முன்னரே சரிபார்த்து வைத்திருக்கவேண்டும். பாம்பின் இடத்தில் ஒரு கயிற்றுத் துண்டை வைத்துச் சரிபார்ப்பர். கயிறும் பாம்பும் பற்றிய பழைய உவமைக்கு இப்படியும் ஒரு பயன்!

வாலை நடுக்குதல், கழுத்தை வளைத்துப் பின்னிழுத்தல், சீறுதல், பந்தாகச் சுருளுதல் ஆகியன பாம்பு 'போதும்' என்று சொல்லும் மொழி. அக்குறி தோன்றியதும் நிறுத்திவிடுவதே முறை. சிலர் பாம்பையும் தவளையையும் குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து, வேண்டியவாறு வளைத்து நிறுத்திப் படமெடுக்கின்றனர். குளிர்ந்த பாம்பு அமைதியாக இல்லை. அசைய இயலாமல் இருக்கிறது. இவ்வாறெடுத்த படங்களில் விலங்கு இயற்கையில் ஒருபோதும் நில்லாத நிலையில் நிற்கும். பாடநூலுக்குப் படம் தேர்வோர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். பாம்பைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

அண்மைப் படத்தால் பாம்புக்கும் நன்மை உண்டு. சட்டை உரித்தபின் பழைய கண்செதில் கழலாமல் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. வெறும் கண்ணுக்குத் தப்பும் அது, பெரிதாக்கிய படத்தில் சுருக்கம் விழுந்த மங்கலான விளிம்பாகத் தெரியும். அதனை இடுக்கியால் பிடுங்க முனைந்தால் கண்ணே கெட்டுவிடும். மருத்துவரிடம் செல்வதே தக்கது. கண்ணைச் சுற்றியுள்ள மடிப்பில் ஒளிந்திருக்கும் உண்ணிகள் 1 மி.மீ. அளவினவே. அவற்றையும், மூக்குத்துளையில் கசியும் நீர்க்குமிழியையும் படத்தில் கண்டு காலத்தே மருத்துவம் செய்யலாம். நாளிட்டு வைத்த படங்கள் மருத்துவர்க்கும் உதவும். பந்தய அழகுப் படங்களைவிட இப்படங்களே மதிப்புடையவை என்று கூறினால் அது மிகையாகாது.

படம் மறைப்பது

வளர்ப்புப் பாம்பு வணிகத்தில் நிறமே விலை. 1953-இல் வட கரோலினாவில் பிடிபட்ட, கருநிறமி அற்ற சோளப்பாம்பு ஒன்றிலிருந்து இனப்பெருக்கம் செய்து, 1961-இல் அத்தகைய குட்டிகளைப் பெற்றனர். அதன்பின் நிறமும் கோலமும் மாறிய வகைகள் பெருகின. பந்து மலைப்பாம்பில் அவ்வகைகள் இன்று எண்ணிலடங்கா. வாங்குவோர் பலர் பாம்பை நேரில் காணாமல் படத்தைக் கண்டே விலை பேசுகின்றனர். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெளிர்ந்த பாம்பும் பொன்னிறமாகத் தோன்றும். கணிப்பொறியில் ஒரு விரலசைவால் சிவப்பைக் கூட்டிவிடலாம். நேர்மையாளர் படத்தின் ஓரத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து எடுப்பர். அட்டை சாம்பலாகத் தெரிந்தால் பாம்பின் நிறமும் உண்மை.

நிறத்தைப் பற்றிய பொய் பணத்தோடு போகும். அதனினும் பெரியதொரு மறைப்பு உண்டு. 1990-களின் இறுதியில் 'சிலந்தி' என்னும் பெயரால் ஒரு பந்து மலைப்பாம்பு வகை வணிகத்துள் வந்தது. பொன்னிற உடலில் சிலந்திவலைபோல் மெல்லிய கருங்கோடுகள். படத்தில் காண்போர் உள்ளத்தைக் கவரும் கோலம். ஆனால் இவ்வகைப் பாம்புகள் தலையை நிலையாக வைத்திருக்க இயலாமல் ஆட்டுகின்றன. சில தலைகீழாகத் திரும்பிக்கொள்கின்றன. இரையைக் குறிபார்த்துப் பற்றத் தடுமாறுகின்றன. அக்கோலத்தைத் தரும் மரபணுவே இக்குறையையும் தருகிறது. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இவற்றின் உட்செவியில் உடல் சமநிலையைக் காக்கும் பகுதிகள் உருக்குலைந்திருப்பதைக் காட்டியது.

அசையாப் படத்தில் இவ்வாட்டம் எவ்வாறு தெரியும்? நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கில் எல்லாமே அசைவற்று நிற்கின்றன. நாவின் துடிப்பை நிறுத்தி அழகு காட்டிய அதே வெட்டொளி, நோயின் நடுக்கத்தையும் நிறுத்தி மறைத்துவிடுகிறது. அவ்வகையின் படங்கள் எங்கும் பரவின, விருப்பம் பெருகியது, மேன்மேலும் குட்டிகள் பிறப்பிக்கப்பட்டன. இக்குறை வெளிப்பட்டபின் அதனை வளர்ப்பதற்கு எதிர்ப்பு வலுத்துள்ளது. ஒரு பாம்பை வாங்க எண்ணுவோர் அதன் ஒளிப்படத்தோடு அது ஊர்வதையும் இரை பற்றுவதையும் காட்டும் அசையும் படத்தையும் கேட்டுப் பெறவேண்டும். இனப்பெருக்கம் செய்து விற்போர் இவ்வகையை விட்டொழித்தலே அறமாகும்.

இங்குள்ள ஆசிரியரும் மாணவரும் இக்கலையைப் பழக விரும்பினால் விலங்குத் தோட்டத்துப் பாம்புக்கூடமே தக்க இடம். அங்குக் கண்ணாடி குறுக்கே நிற்கும். அதனைத் துடைத்துவிட்டு, வில்லையின் விளிம்பிலுள்ள இரப்பர்க் காப்பைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, நேர்க்கோணத்தில் எடுத்தால் எதிரொளி விழாது. சாய்த்தால் படம் மங்கும். வெட்டொளி வேண்டா, கூடத்தின் ஒளியே போதும். கண்ணாடியைத் தட்டிப் பாம்பை எழுப்ப முயலும் சிறுவர்க்கு, அது செவியால் அன்றித் தாடையெலும்பால் அவ்வதிர்வை உணர்கிறது என்பதை அங்கேயே எடுத்துக்கூறலாம். கண் நீலம் பாய்ந்த பாம்பைக் கண்டால் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து மீண்டும் செல்க.